மருத்துவ உதவி கேட்டு எழுதப் போகிறவர்களுக்கு

போன வருடம் என் தம்பிக்கு வேலூரில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. செலவில் பாதிக்கு மேல் எங்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த பணம். இப்போது மாதத்துக்கு ஒருவராவது யார் மூலமாகவோ என் எண்ணை வாங்கி, "அக்கா, நீங்க எப்படி எழுதினீங்க? எங்களுக்கும் ஒண்ணு எழுதணும்" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எனக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் முப்பதாயிரம் ரூபாயும், அதைவிடப் பெரிதாக மூன்று வாரமும் போயிற்று. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.

தம்பிக்கு அப்போது வயது 26. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. காலில் நீல நீலமாகத் திட்டுகள் வந்தன. இடித்துக்கொண்டிருப்பான் என்றுதான் நினைத்தோம். அப்புறம் பல் துலக்கும்போது ரத்தம் வந்தது, நிற்கவே இல்லை. பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 8,000 என்று வந்தது. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வதையே நிறுத்திவிட்டது, ஏப்ளாஸ்டிக் அனீமியா என்றார்கள். இளம் வயது, உடன்பிறந்தவர் மஜ்ஜை பொருந்தினால் மாற்று சிகிச்சைதான் நல்லது என்றார் டாக்டர். ஒரு உடன்பிறப்பு முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. எனக்குப் பொருந்தியது. அன்றைக்கு அம்மா அழுத மாதிரி நான் பார்த்ததில்லை, சந்தோஷத்தில்.

மறுநாள் எஸ்டிமேட் கையில் வந்தது, 14 லட்சம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்; எங்கள் வருமானம் அதைத் தாண்டிவிட்டது, அட்டை கிடைக்கவில்லை. சேமிப்பு, சீட்டுப் பணம், அம்மாவின் நகை எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சம் தேறியது. மீதி எட்டரை லட்சத்துக்குக் கை நீட்டுவதைத் தவிர வழியில்லை.

கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டால்கூட, கேட்பதைப் போல நாவுக்கு இழிவு வேறில்லை என்கிறார் வள்ளுவர். "ஆவிற்கு நீரென்று இரப்பினும் நாவிற்கு இரவின் இளிவந்த தில்." எம்.ஏ. தமிழ் படித்தவள் நான், ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். இந்தக் குறளைப் பலமுறை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டு, அவர் "ஹலோ" என்றதும் வார்த்தை வராமல் நின்றபோதுதான் அது எனக்குள் இறங்கியது. அந்தக் கூச்சத்தால்தான், எழுதுகிற வேலையை வேறு யாராவது செய்துகொடுத்தால் தேவலை என்று இருந்தது. ஒரு ஏஜென்சி அகப்பட்டது. "மேடம், நீங்க எதுவும் பண்ண வேணாம். கதை, வீடியோ, புரமோஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். முன்பணம் 30,000.

அவர்கள் எழுதிய வேண்டுகோள் "கண்ணீர்க் கடலில் தத்தளிக்கும் ஏழைக் குடும்பம்" என்று தொடங்கியது. இந்த நோயால் எத்தனை ஆயிரம் பேர் தவிக்கிறார்கள் என்று ஒரு பத்தி. "கல் நெஞ்சமும் கரையும்" என்று ஒரு வரி. "உங்களுக்கு இதயம் இருந்தால் பகிருங்கள்" என்று முடிவு. மூக்கில் பஞ்சோடு, ரத்தம் உறைந்த உதட்டோடு தம்பி படுத்திருக்கும் படம். அந்தப் படத்தை எடுத்தபோது அவன் மயக்கத்தில் இருந்தான்.

மூன்று வாரத்தில் வந்தது நாற்பதாயிரத்துச் சொச்சம். பாதி எங்கள் சொந்தக்காரர்கள் போட்டது. நேரில் கேட்டிருந்தாலே கொடுத்திருப்பார்கள். அதற்குள் தட்டணுக்கள் ஏற்றுவதற்கே கைப்பணம் கரைந்துகொண்டிருந்தது. ஒரே கொடையாளரிடமிருந்து எடுக்கும் தட்டணு ஒரு யூனிட் எங்களுக்குச் சுமார் 11,000 ஆயிற்று. அது நாலைந்து நாள்கூடத் தாங்காது. அதைவிட வலித்தது வேறொன்று. பட்டறை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் படம் போய்விட்டது. தம்பி அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏன்க்கா, என்னை இப்படித்தான் காட்டோணுமா?" என்றான். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டான்.

ஏஜென்சியை அழைத்தேன். இன்னும் பதினைந்தாயிரம் போட்டால் விளம்பரத்தை அதிகப்படுத்தலாம் என்றார்கள். ஃபோனை வைத்துவிட்டேன். அன்றைக்கு ரத்த வங்கி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது புறநானூற்றின் 164ஆவது பாட்டு நினைவுக்கு வந்தது. உதவி கேட்டு எழுதுவது நம் மொழியில் இரண்டாயிரம் வருடப் பழக்கம். பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் வள்ளல் குமணனிடம் கேட்டது அது. வகுப்பில் படித்தபோது வறுமையைச் சொல்லும் பாட்டு என்று குறிப்பெடுத்துக்கொண்டதோடு சரி. எட்டரை லட்சம் கேட்க வேண்டிய நிலையில் படித்தால் ஒவ்வொரு வரியும் என்ன வேலை செய்கிறது என்று தெரிகிறது.

பாட்டு "ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின் ஆம்பி பூப்ப" என்று தொடங்குகிறது. சமைப்பதையே மறந்துபோன அடுப்பு, அதில் காளான் பூத்திருக்கிறது. நான் ஏழை, பட்டினி, காப்பாற்று என்று எங்கும் ஆரம்பிக்கவில்லை. ஒரே ஒரு பொருளைக் காட்டுகிறார். அடுப்பில் காளான் பூக்க எத்தனை நாள் தீ மூட்டாமல் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது பாட்டைக் கேட்கிற குமணன். அடுத்து, பாலில்லாத மார்பைச் சுவைத்துச் சுவைத்து அழும் குழந்தை. தாய் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். கண்ணில் நீர் நிறைந்த அவளைப் புலவர் பார்க்கிறார். பார்த்துவிட்டு "உன்னை நினைத்து வந்தேன், நற்போர்க் குமண" என்கிறார். குழந்தை, தாய், புலவர் என்று வந்த பார்வை கடைசியில் குமணன் மேல் போய் நிற்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று, இனி அவன் பார்வையைத் திருப்ப முடியாது. அதன் பிறகுதான் கேட்கிறார், அதுவும் குனிந்து அல்ல: என் நிலை தெரிந்துவிட்டதல்லவா, உன்னை வளைத்துப் பிடித்தாவது வாங்காமல் போக மாட்டேன் என்கிறார். முடிவில், இசைவாணர்களின் இல்லாமையைத் தீர்க்கிற குடியில் பிறந்தவன் நீ என்று அவனுக்கு அவனையே நினைவூட்டுகிறார். மொத்தமே பதிமூன்று வரி. "கண்ணீர்க் கடல்" மாதிரி ஒன்றுகூட இல்லை.

அன்றிரவு மருத்துவமனைக்கு எதிரே இருந்த லாட்ஜில் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். எங்கள் வீட்டில் அந்தக் காளான் எது என்று யோசித்தேன். வீட்டுக் குளியலறை டம்ளரில் நின்ற தம்பியின் பிரஷ் நினைவுக்கு வந்தது. தொடக்கத்தை அப்படியே தருகிறேன்: "என் தம்பிக்கு 26 வயது. கோவையில் லேத் ஓட்டுகிறவன். மூன்று மாதமாக அவன் பல் துலக்கவில்லை. பிரஷ் பட்டால் ஈறிலிருந்து வரும் ரத்தம் நிற்காது என்பதால் டாக்டர் கொப்பளிக்க மட்டும் சொல்லியிருக்கிறார். அவன் பிரஷ் டம்ளரில் காய்ந்து கிடக்கிறது. அவனுக்குப் பொருந்தும் மஜ்ஜை என்னிடம் இருக்கிறது. சிகிச்சைக்கு 8,50,000 ரூபாய் குறைகிறது."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி என்றால் மேலே கொஞ்சம்தான் தெரியும், மீதி "மேலும் படிக்க" என்பதற்குள் போய்விடும். ஆகவே யார், உடம்புக்கு என்ன, எவ்வளவு தேவை என்பதெல்லாம் மேலேயே தெரிந்தாக வேண்டும். "இதைப் படிக்கும் அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்" என்று தொடங்கினால் அந்த இடம் வீண். அதே சமயம், தொகையை மட்டும் முதலில் போட்டால் கடன் நோட்டீஸ் மாதிரி இருக்கும். ஆளை முதலில் காட்டுங்கள், அவர் பின்னால் தொகை வரட்டும். ஒவ்வொரு நோய்க்கும் இப்படி ஒரு பிரஷ் இருக்கும். டயாலிசிஸ் நோயாளி என்றால் ஒரு நாளைக்கு அளந்து குடிக்கும் தண்ணீராக இருக்கலாம். மருத்துவப் பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

நோயாளிகளின் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கானோர் என்று சொன்னால் பிரச்சினை பெரிதாகத் தெரியும், அதிகமாகக் கொடுப்பார்கள் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வை அப்புறம் படித்தேன். ஆளுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் விருப்பமானதை நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். மாலி நாட்டைச் சேர்ந்த ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பசியால் வாடும் லட்சக்கணக்கானவர்களின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள்? 1.43தான். அதாவது அந்தச் சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தைச் சேர்த்ததும் கை சுருங்கிவிட்டது. ஏஜென்சி எழுதிய அந்தப் பத்தி எங்களுக்கு உதவாமல் போனதோடு நிற்கவில்லை, கெடுத்தும் இருக்கும் என்று இதைப் படித்தபோது புரிந்தது. ஒரு ஆளைப் பற்றி எழுதும்போது அந்த ஒரு ஆளோடு இருங்கள்.

அடுத்து, கேட்கும் விதம். எட்டரை லட்சம் என்று படித்தவுடன் சம்பளக்காரர் ஒருவருக்கு "நம்மால் என்ன ஆகும்" என்றுதான் தோன்றும். அதனால் அதை உடைத்தேன். "8,50,000 ரூபாயை 500 ரூபாயாகப் பிரித்தால் 1,700 பேர். அதில் ஒருவராக நீங்கள் இருக்க முடியுமா?" என்று கேட்டேன். "அனைவரும் உதவுங்கள்" என்பதை எடுத்துவிட்டேன், அனைவரும் என்று கூப்பிட்டால் யாரும் திரும்புவதில்லை. படிப்பவர் ஒருவர், "நீங்கள்" என்று அவரிடம்தான் பேச வேண்டும். வந்ததில் நிறைய ஐந்நூறுதான். பணம் தர முடியாதவர்களுக்கும் ஒரு வழி வைத்தேன்: தம்பியின் ரத்த வகையைப் போட்டு, வேலூர்ப் பக்கம் இருப்பவர்கள் தட்டணுக்கள் தர முடியுமா என்று கேட்டேன். கல்லூரிப் பையன்கள் சிலர் வந்தார்கள். அவர்களில் ஒருவன் தட்டணு கொடுத்துவிட்டுப் போனதோடு விடாமல், எங்கள் கடிதத்தைத் தன் கல்லூரி முழுக்கக் கொண்டுபோனான். கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறவர்தான் பகிரவும் செய்கிறார் என்று அப்போது பார்த்தேன்.

நம்பிக்கை விஷயம் தனி. மனம் இளகியவர்கூட அடுத்த நொடி "இது உண்மையா?" என்று நினைப்பார், நினைக்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வி வருகிற இடத்திலேயே பதிலை வைத்துவிடுங்கள். மருத்துவமனையின் எஸ்டிமேட் கடிதம் தேதியோடு தெளிவாக இருக்கட்டும். மொத்தம் எவ்வளவு, கையில் எவ்வளவு, குறைவது எவ்வளவு என்று மூன்றையும் எழுதுங்கள். நாமும் ஐந்தரை லட்சம் போட்டிருக்கிறோம் என்பது படிப்பவர் மனதில் நம்மைப் பற்றி நிறையச் சொல்லும். முடிந்தவரை நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனைக் கணக்குக்கே பணம் போகும்படி செய்யுங்கள். சந்தேகம் குறையும். சொந்தக் கணக்குக்கு உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வருமான வரிக் கேள்வியும் எழலாம். ஆடிட்டர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கிடைக்குமா என்று சிலர் கேட்பார்கள். தனிநபருக்குக் கொடுப்பதற்குக் கிடையாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பித்திருந்தோம், உங்கள் எம்.பி. அலுவலகத்தில் கேட்டால் படிவம் பற்றிச் சொல்வார்கள். அந்த விண்ணப்பத்தில் பிரஷ் கதை எல்லாம் வேண்டாம், அங்கே படிப்பவருக்குத் தேவை வருமானச் சான்றும் எஸ்டிமேட்டும்தான். யார் படிக்கப் போகிறார் என்று பார்த்து எழுத வேண்டும்.

படத்துக்கு வருகிறேன். புதிய கடிதத்தில் தம்பி லேத் முன்னால் நிற்கும் பழைய படத்தைப் போட்டேன். கையில் வெர்னியர் அளவுகருவி, முகத்தில் லேசான சிரிப்பு. 0.02 மில்லிமீட்டர் பிசகினாலும் அந்தப் பீஸைத் தனியாக எடுத்து வைத்துவிடுவான் என்று அவன் முதலாளி சொன்னதையும் எழுதினேன். பரிதாபம் குறைந்துவிடுமே என்று உறவில் ஒருவர் சொன்னார். குறையவில்லை. லேத், மில்லிங் வேலை செய்கிறவர்கள் ஹோசூர், ராணிப்பேட்டை, அம்பத்தூர் என்று எங்கெங்கிருந்தோ இருநூறும் முந்நூறுமாக அனுப்பினார்கள். அவர்களுக்கு அவன் வெறும் நோயாளி இல்லை, தங்களில் ஒருவன். புறநானூற்றில் இன்னொரு புலவர், பெருஞ்சித்திரனார், அதியமான் நேரில் பார்க்காமலே பரிசு கொடுத்து அனுப்பியபோது வாங்க மறுத்தார். "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்பது 208ஆவது பாட்டு. கேட்கிறவருக்கும் மானம் உண்டு, என்னைப் பார்த்துவிட்டுக் கொடு என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மூக்கில் பஞ்சு வைத்த படத்தில் தெரிந்தது என் தம்பி இல்லை. எழுதியதை அனுப்பும் முன் அவனுக்குப் படித்துக் காட்டினேன். முன்பு நிச்சயம் பேசி நின்றுபோனதைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதை எடுக்கச் சொன்னான், எடுத்தேன். படிப்பவர் மனதை அந்த வரி உலுக்கியிருக்கும், தெரியும். ஆனாலும் அது அவன் வாழ்க்கை. நோயாளி விழித்திருக்கும்போது கேட்டு வாங்கிய சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் ஒரு படமும் வெளியே போகக் கூடாது. குழந்தை என்றால், அது வளர்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும் நாளை நினைத்து எடுங்கள்.

ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் மக்கள் சலித்துப்போவார்கள். நான் சில நாட்களுக்கு ஒருமுறை சின்னதாக ஒன்று எழுதினேன்: இன்று ஆயிரமாவது ஆள் கொடுத்துவிட்டார், இன்று எனக்கு உடல் தகுதிப் பரிசோதனை, சேர்க்கைத் தேதி கொடுத்துவிட்டார்கள், இன்னும் இரண்டு லட்சம் குறைகிறது. முதலில் ஐந்நூறு கொடுத்தவர்கள் அடுத்து என்ன ஆயிற்று என்று காத்திருந்து கேட்டார்கள். தொடர்கதைக்குக் காத்திருப்பதைப் போலத்தான், ஆனால் இங்கே இட்டுக்கட்டி இழுக்கக் கூடாது. இல்லாத ஆபத்தை "இன்று இரவுக்குள்" என்று ஒருமுறை எழுதினால், உண்மையாகவே இன்று இரவுக்குள் தேவைப்படும்போது யாரும் நம்ப மாட்டார்கள். கெடு இருந்தால் தேதியைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சொல்லாதீர்கள்.

நடுவில் ஒரு அடி விழுந்தது. எங்கள் கடிதத்தை அப்படியே நகலெடுத்து, யுபிஐ எண்ணை மட்டும் மாற்றி யாரோ சுற்றவிட்டார்கள். கொடுத்த ஒருவர் ரசீது கேட்டு அழைத்தபோதுதான் தெரிந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தோம், இணையத்திலும் பதிந்தோம். அதன் பிறகு கணக்கு விவரத்தை எழுத்தில் மட்டும் வைக்காமல் படத்தின் மேலேயே அச்சிட்டோம், மருத்துவமனையின் பொது எண்ணில் சரிபார்க்கலாம் என்றும் சேர்த்தோம். முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

பணம் சேர ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆயிற்று. சிகிச்சை முடிந்து, நீண்ட நாள் வேலூரிலேயே தங்கியிருந்து, இப்போது தம்பி பட்டறைக்கு அரை நாள் போகிறான். மாத்திரைகள் தொடர்கின்றன, பரிசோதனைக்குப் போய் வருகிறோம்.

கடைசியாக ஒன்று. கடிதத்தின் மேலே தேதி போடுங்கள். இந்த மாதிரிச் செய்திகள் வருடக்கணக்கில் சுற்றும். எங்கள் முதல் வேண்டுகோள், அந்தப் படத்தோடு, தேதி இல்லாமல் இன்னும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது; என்னால் அதை நிறுத்த முடியவில்லை. இரண்டாவதில் தேதியும் "இலக்கு சேர்ந்ததும் இங்கே அறிவிப்பேன்" என்ற வரியும் இருந்தன. சேர்ந்த அன்றைக்கே "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று எழுதினேன். பணம் மிஞ்சினால் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். எங்களுக்கு மிஞ்சியதை அதே மருத்துவமனையின் ஏழை நோயாளிகள் நிதிக்கு மாற்ற எழுதிக் கொடுத்தோம். வரவு செலவையும் அந்த ரசீதையும் சேர்த்து, கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன்.